இடப்பக்கத்துக் குறி

பழி வாங்கத்தான் ஹெப்ஸி அன்று காலை கடலுக்குப் போனாள். சிங்கி இறால் அகப்பட்டால் அது உபரி.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. சொந்தப் படகு, சொந்த உரிமம், ஐம்பது கம்பிக் கூண்டு, மஞ்சளில் நீலப் பட்டை போட்ட மிதவைகள். டோரிநெக் துறையில் இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். அங்கே அந்த வயசுப் பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் நரைச்சியோடு ஏழு தடவை மல்லுக்கு நின்றுவிட்டு உயிரோடு திரும்பியவள் அவள் ஒருத்திதான். இது எட்டாவது தடவை. இதோடு நரைச்சியின் கதையை முடித்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மோட்டார் கயிற்றை இழுத்தாள்.

நரைச்சி யாரென்று தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மூடுபனிக்குள் குடியிருக்கிற பாதகி அவள். பனி இறங்குகிற நாளில் கரையில் தனியாக நிற்கிற ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். வாயைத் திறந்து பதில் சொன்னால் தீர்ந்தது, அந்த ஆள் சீல் என்கிற கடல்நாயாகவோ நண்டாகவோ மாறித் தண்ணீருக்குள் போய்விடுவார். ஐந்தாவது தடவை ஹெப்ஸி அவள் வீட்டுக்குள்ளேயே போய்ப் பார்த்திருக்கிறாள். அது வீடா! ஆளுயரக் கண்ணாடி ஒன்று, அதற்குள்தான் குடித்தனம். கதவு தப்புப் பக்கம் திறக்கிறது, கடிகாரம் பின்னால் ஓடுகிறது, மாவு டப்பாவில் எழுத்தெல்லாம் திரும்பி நிற்கிறது.

போன வாரம், ஏழாவது தடவை, அந்தக் கண்ணாடியை ஹெப்ஸி நங்கூரத்தால் அடித்துச் சுக்குநூறாக்கினாள். உடனே நரைச்சியின் மந்திரக்கட்டெல்லாம் அவிழ்ந்தது. காணாமல்போன எட்டுப் பேரில் ஏழு பேர் சொட்டச் சொட்டக் கரையேறி வந்தார்கள். தபாலாபீஸ் அம்மாள் வந்ததும் வராததுமாக, "என் இடத்துல யாரு உக்காந்திருக்கறது?" என்று சண்டைக்குப் போனாள். ஹெப்ஸியின் அம்மா எட்டுக் கம்பளி எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போயிருந்தாள். ஏழு தீர்ந்தது. எட்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை நின்றாள்.

எட்டாவது ஆள் எமெரி, ஹெப்ஸியின் அண்ணன். பதினாலு வயதில் போனவன், இரண்டு வருஷமாகிறது. எல்லாக் கட்டும் அவிழ்ந்தும் அவன் மட்டும் வரவில்லை. அந்தப் பாவி அவனை எங்கேயோ தனியாகப் பூட்டி வைத்திருக்கிறாள் என்று ஹெப்ஸி நினைத்தாள். நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

படகின் மூக்கில் டீக்கன் உட்கார்ந்திருந்தது. டீக்கன் ஒரு நீர்க்காகம், பேசும். மூன்றாவது தடவையில் வழிகாட்ட வந்து ஒட்டிக்கொண்டது, அப்புறம் போகவே இல்லை. துப்பு கொண்டுவந்ததும் அதுதான்.

"கண்ணாடி போனதும் அவளுக்குச் சொந்த உருவம் நிக்கல பொண்ணே. ஏதோ ஒரு பிராணியோட தோலுக்குள்ள பூந்துகிட்டு இந்த வளைகுடாவுலதான் கிடக்கறா. அடுத்த பனி இறங்கட்டும், எழுந்து வந்துடுவா."

"அதுக்குள்ள பிடிச்சுடுவேன்."

"என்ன பிராணின்னு தெரியாம எப்படிப் பிடிப்ப?"

"வர்றதை எல்லாம் பாப்பேன். இரைப் பெட்டில வாயை வைக்காதய்யா!"

"ருசி பாக்கறேன். கெட்டுப்போச்சான்னு."

"கெட்டுத்தான் போயிருக்கு. கெட்டாத்தான் இரை."

வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது, பொட்டுப் பனி இல்லை. ஹெப்ஸி ஒவ்வொரு மிதவையாகக் கொக்கி போட்டு இழுத்து, கூண்டைத் தூக்கி, உள்ளே இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக முறைத்துப் பார்த்தாள். நண்டுகளை முறைத்தாள். ஒரு கடல் முள்ளெலியைக்கூட விடவில்லை. முப்பது கூண்டு முடிந்தது, நரைச்சியைக் காணோம்.

முப்பத்தோராவது கூண்டில் இரண்டு சிங்கிகள் இருந்தன. சின்னது அளவுகோலுக்கு எட்டவில்லை, தூக்கிக் கடலில் போட்டாள். மற்றது நல்ல பருத்த பெட்டை. வயிற்றில் முட்டை இல்லை. வால் விசிறியில் முக்கோணமாக ஒரு வெட்டு இருந்தது.

அந்த வெட்டைப் பார்த்ததும் ஹெப்ஸியின் கை வீசுவதற்கு எழும்பிவிட்டது. டோரிநெக்கில் பிறந்த எந்தக் கையும் அப்படித்தான் எழும்பும். முட்டையோடு பெட்டைச் சிங்கி வந்தால் வாலில் குறி வெட்டித் திரும்ப விடுவார்கள். இவள் தாய், இவளை யாரும் தொடாதே என்று அர்த்தம். பிறகு அவள் எத்தனை தடவை, எவர் கூண்டில் வந்தாலும், முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடலுக்கே போக வேண்டும். துறையின் நாற்பது படகுக்கும் அது சட்டம். பட்டினி கிடந்தாலும் மீற மாட்டார்கள்.

சட்டம் மட்டுமல்ல. துறைக்காரர் கையால் போட்ட குறியை நரைச்சியால் அசைக்க முடியாது. குறி வெட்டிய உயிர் எந்த உருவத்தில் இருக்கிறதோ அதே உருவத்தில்தான் இருக்கும், எந்த மந்திரமும் மாற்றாது. வர்ணம் அடித்த மிதவையைப் பனி விழுங்காது. இதை இரண்டாவது தடவையிலேயே கண்டுபிடித்தாயிற்று. ஆனால் துறை தன் வாக்கைக் காப்பாற்றுகிற வரைக்கும்தான் அந்தப் பலம். ஒரு வருஷம் ஒரு புண்ணியவான், பேர் வேண்டாம், குறி போட்ட சிங்கி ஒன்றைக் கல்யாண விருந்துக்கென்று வீட்டுக்குக் கொண்டுபோனான். அந்தக் கோடை முழுக்க ஒரு குறிக்கும் பலம் இல்லாமல் போய், துறையின் மிதவைகளையெல்லாம் பனி வாரிக்கொண்டு போயிற்று.

அதனால்தான் கை எழும்பியது. எழும்பிய கை அப்படியே நின்றது.

"யோவ் டீக்கன், என் வலது கை எது?"

"மோட்டார் பிடிக்காத கை. பன்னெண்டு வயசாச்சு, இன்னுமா சந்தேகம்?"

ஹெப்ஸி சிங்கியைக் குப்புறப் பிடித்து, வால் தன் பக்கம் இருக்கும்படி திருப்பினாள். வால் விசிறியில் ஐந்து இதழ். குறியை நடு இதழுக்கு வலப்பக்கத்து இதழில் வெட்டுவார்கள். நாற்பது படகும் அங்கேதான் வெட்டும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அங்கேதான் வெட்டும். இதற்கு இடப்பக்கம் இருந்தது.

இந்தக் குறியை டோரிநெக் கை எதுவும் வெட்டவில்லை. கண்ணாடிக்குள் உட்கார்ந்து பார்த்து எவளோ காப்பி அடித்திருக்கிறாள்.

கையில் பிடித்த சிங்கி வாலைப் படபடவென்று அடிக்கும். இது அடிக்கவில்லை. ரொம்ப மரியாதையாக இருந்தது.

"வாடி நரைச்சி" என்றாள் ஹெப்ஸி.

"நரைச்சியா? யாரு அது?" என்றது சிங்கி. "நான் குறி போட்ட சிங்கி. சட்டப்படி என்னைத் தூக்கிக் கடல்ல போடு."

டீக்கன் இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தது. "ஐயோ, ஐயோ! பேசற சிங்கி சட்டம் வேற பேசுது. சும்மா இருந்திருந்தாக்கூட கொஞ்சம் யோசிச்சிருப்போமே தாயி!"

ஹெப்ஸி இரண்டு கொடுக்கிலும் ரப்பர் வளையத்தை மாட்டினாள். இரண்டு வருஷமாக இந்த ஒரு கழுத்துக்காகத் தவம் கிடந்தாள். கிடைத்தபோது அதற்குக் கழுத்தே இல்லை.

"அவ்வளவு பெரிய மந்திரக்காரி, கூண்டுக்குள்ள எப்படிடி விழுந்த?"

"இந்த உடம்புக்குப் பசிக்குது" என்றாள் நரைச்சி வெட்கம் கெட்டு. "அந்த அழுகல் மீன் வாசனை வந்துச்சு, காலு தானா நடந்துச்சு. குறிதான் இருக்கே, எவளானாலும் தூக்கிக் கடல்ல போட்டுருவான்னு இருந்தேன்."

"எங்க வீட்டு அடுப்புல பானை வச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"தொட்டுக்க வெண்ணெய் என் பொறுப்பு" என்றது டீக்கன்.

"இரு, இரு. என்னை வேக வச்சுட்டா உன் அண்ணன் எப்படி வருவான்? என்னை விடு, அவனை விடறேன்."

"நாலாவது தடவையும் இதையேதான் சொன்ன. ஒரு சீல் குட்டியை நீட்டின. ஆறாவது தடவை வெறும் புகையை நீட்டின. போதும்டி." ஹெப்ஸி படகை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

அப்போதுதான் நரைச்சிக்குப் புரிந்திருக்க வேண்டும், இந்தத் தடவை பேரம் படியாது என்று. தப்பிக்க வழியில்லாதபோது சிலருக்குக் கடைசியாக ஒரு ஆசை வரும், எதிராளியின் நெஞ்சிலாவது ஒரு முள்ளைக் குத்திவிட்டுப் போவோமே என்று. அவள் புத்தி அதுதான்.

"உன் அண்ணனை நான் பிடிச்சு வைக்கலடி மக்கு. நீதான் வச்சிருக்க."

ஹெப்ஸி மோட்டாரை அணைத்தாள்.

"உன் முதல் குறி ஞாபகமிருக்கா? பத்து வயசு உனக்கு. முட்டையோட ஒரு சிங்கி வந்துச்சு. வெட்டிட்டு ஆடின ஆட்டம் என்ன! துறையே கூடி உனக்கு புளூபெரிப் பழம் வச்சுப் பலகாரம் சுட்டுக் குடுத்துச்சே. அந்த முட்டை எவளோடதோ. நான்தான் சிங்கியா மாத்தின உன் அண்ணன் வயித்துல ஒட்டி விட்டேன். ஆணா பொண்ணான்னு திருப்பிப் பாத்தியா? முட்டை இருந்தா பொண்ணுதானேன்னு சரக்குன்னு வெட்டின. துறை போட்ட குறி! என் மந்திரத்துக்கு ஆணி அடிச்சதே நீதான். கண்ணாடி உடைஞ்சு எல்லாரும் வந்தாங்க, அவன் ஏன் வரலன்னு இப்பத் தெரியுதா?"

"பொய்" என்றாள் ஹெப்ஸி.

"போன கோடையில மறுபடி உன் கூண்டுக்கு வந்தான். உன் கட்டைவிரலை மெல்லப் பிடிச்சான், கடிக்கக்கூட இல்ல. நீ 'சும்மா இரு சனியனே'ன்னு வைஞ்சுட்டு, குறியைப் புதுசா வெட்டிவிட்ட. நான் அடியில இருந்து பாத்துகிட்டிருந்தேன். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுது."

அது பொய் இல்லை. விரலை அமுக்கியது ஹெப்ஸிக்கு நினைவிருந்தது. இவ்வளவு மெதுவாகப் பிடிக்கிற சிங்கி உண்டா என்று அப்போதே ஒரு கணம் தோன்றி மறைந்ததும் நினைவிருந்தது. அவள் படகின் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். தன் கையையே வெட்டிக் கடலில் எறிந்துவிடலாம் போலிருந்தது.

டீக்கன் இரைப் பெட்டியிலிருந்து தள்ளியே உட்கார்ந்தது.

ஹெப்ஸி மூக்கைக் கையுறையில் துடைத்தாள். ஏதோ ஒரு வார்த்தை மனசில் இடறிக்கொண்டே இருந்தது. புதுசா வெட்டிவிட்ட. ஏன் புதிதாக வெட்டினாள்? குறி மங்கியிருந்தது, அதனால் வெட்டினாள். குறி ஏன் மங்கியது? சிங்கி தோல் உரித்திருந்தது. ஒவ்வொரு தோலுக்கும் குறி பாதி தூர்ந்துபோகும், இரண்டு மூன்று தோலில் இருந்த இடம் தெரியாது. அதனால்தானே மங்கின குறி கண்ணில் பட்டால் உடனே வெட்டிப் புதுப்பிக்கிறார்கள்! வெட்டாமல் விட்டால் குறி போகும், குறி போனால் எமெரி வருவான்.

"நரைச்சி" என்றாள், ரொம்ப அமைதியாக. "நீ எப்பவாவது தோல் உரிச்சிருக்கியா?"

"என்ன உளர்ற?"

"ஒண்ணுமில்ல. எனக்கு வேண்டியதைச் சொல்லிட்ட. ரொம்ப நன்றி."

பெட்டியைத் திறந்து குறிவெட்டியை எடுத்தாள். இடுக்கி போல இருக்கும், வாயில் முக்கோணக் கத்தி.

"அடுப்பு? பானை?" என்று டீக்கன் பதறியது. "வெண்ணெய்?"

"பானையில போட்டா பதினஞ்சு நிமிஷத்துல செத்துப்போவா. எனக்குப் பத்தாது." ஹெப்ஸி சிங்கியைத் திருப்பி வால் விசிறியை விரித்தாள். "கேட்டுக்கடி. நாற்பது படகு இருக்கு இந்தத் துறையில. உனக்குப் பசிக்கும், கூண்டுக்குள்ள வருவ. அழுகல் மீனைத் தின்னுவ. யாராவது இழுத்து மேல போடுவாங்க, உன்னைப் புரட்டிப் பாத்து நாலு வார்த்தை திட்டிட்டு வீசுவாங்க. மறுநாளும் பசிக்கும். உன் குறி மங்கறப்பெல்லாம் ஆழமா வெட்டி விடுவோம். நீ யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. நானும் கிழவியாவேன்டி, அப்பவும் உன்னைத் தூக்கிப் பாத்துட்டு வீசுவேன்."

அந்தக் கறுப்பு மணிக் கண்களில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. அதைப் பார்க்க ஹெப்ஸிக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், வயிறு குளிர்ந்தது.

"நீயே என்னை விடுவ!" என்று நரைச்சி கத்தினாள். "அவன் ஒருநாள் உன் கையில வருவான். தூக்கிட்டு வீட்டுக்கு ஓடுவ. சட்டத்தை உடைப்ப. அன்னைக்கு எல்லாக் குறியும் பலம் கெட்டு, என் குறியும் செத்து, நான் எழுந்து வ—"

சரக். வலப்பக்கத்து இதழில், துறைக் கையால், சரியான இடத்தில். பாதி வார்த்தையில் குரல் அறுந்தது. கையில் இருந்தது இப்போது வெறும் சிங்கி, வாலைப் படபடவென்று அடித்தது. ஹெப்ஸி ரப்பர் வளையங்களைக் கழற்றி, முழு பலத்தோடு வீசினாள். 'தொபக்' என்று அது விழுந்த சத்தம் நன்றாக இருந்தது.

பிறகு ரேடியோவை எடுத்தாள்.

"டோரிநெக் படகு எல்லாருக்கும், ஹெப்ஸி பேசறேன். ரெண்டு விஷயம். வால்ல ரெண்டு பக்கமும் குறியோட ஒரு பெட்டை வந்தா அது நரைச்சி. வலது பக்கம் மங்க விடாதீங்க."

"ரெண்டு பக்கமுமா?" வெண்டல் மாமாவின் குரல் கரகரத்தது. "காலைல என்ன புள்ள சாப்பிட்ட?"

"நிஜமா மாமா."

"நான் வெட்டறேன்டி கண்ணு" என்று லுரீன் அக்கா குறுக்கே வந்தாள். "என் மிதவை நூத்தி இருபதை முழுங்கின மூதேவி அவ. வாலே மிஞ்சாத அளவுக்கு வெட்டறேன்."

"ரெண்டாவது," என்று ஹெப்ஸி தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். "குறியோட ஒரு ஆண் சிங்கி வரும். அது எங்க எமெரி. குறி மங்கியிருந்தா வெட்டாதீங்க. தயவுசெஞ்சு யாரும் வெட்டாதீங்க. அப்படியே விட்டுருங்க."



"போன செப்டம்பர்ல குறியோட ஒண்ணு வந்துச்சு" என்றார் வெண்டல் மாமா. "குறி நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன். மங்கியிருந்தா நானும் வெட்டியிருப்பேன் புள்ள. திருப்பிப் பாத்திருக்க மாட்டேன்."

"தெரியும் மாமா. நானும் பாக்கல."

மீதிக் கூண்டுகளை அவள் விடவில்லை. இப்போது ஒவ்வொரு சிங்கியையும் மல்லாத்திப் பார்த்தாள். வாலடியில் முதல் ஜோடித் துடுப்பு மெத்தென்று இருந்தால் பெட்டை, எலும்பு போல் விறைத்திருந்தால் ஆண்.

நாற்பத்தேழாவது கூண்டில் ஒன்று இருந்தது. புதுத் தோல், இன்னும் முழுசாக இறுகவில்லை. வலப்பக்கத்து இதழில் குறி, பாதி தூர்ந்து, நகக்கண் அளவுக்குப் பள்ளம். மல்லாத்தினாள். ஆண்.

அது கொடுக்கை நீட்டி அவள் கட்டைவிரலைப் பிடித்தது. அழுத்தவே இல்லை.

"எமெரி" என்றாள்.

காலடியில் கடல் தண்ணீரோடு வாளி இருந்தது. அங்கிருந்தே படகுத்துறை தெரிந்தது. துறையில் அம்மா தெரிந்தாள், கையில் பழுப்பாக எட்டாவது கம்பளியும் தெரிந்தது. மோட்டாரை முறுக்கினால் பத்து நிமிஷம். சமையல்கட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொள்ளலாம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம், ஒரு மீனும் கிட்டே வந்து அவனைக் கடிக்காது. ஒரே ஒரு சிங்கி. யாருக்குத் தெரியப்போகிறது?

முப்பத்தோராவது மிதவையின் அடியில் ஒருத்தி அதற்காகவே காத்திருந்தாள்.

ஹெப்ஸி அவனை வீசவில்லை. படகின் விளிம்பில் படுத்து, தோள்வரை கை நனைய, தண்ணீருக்குள் இறக்கினாள். "இன்னும் ஒரு தோல்டா. மிஞ்சிப்போனா ரெண்டு. யாரும் வெட்ட மாட்டாங்க, எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்." அவன் விரலை விடவில்லை. அவள்தான் கொடுக்கைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

பச்சைத் தண்ணீரில் அவன் மறைகிறவரை பார்த்திருந்தாள். பிறகு அந்தக் கூண்டில் மட்டும் இரையை இரண்டு பங்காகப் போட்டு இறக்கினாள்.

"அம்மாட்ட என்ன சொல்லுவ?" என்று டீக்கன் கேட்டது.

"கம்பளியை மடிச்சு வைக்கச் சொல்லுவேன். அடுத்த கோடைக்கு வேணும்னு."

அவள் அரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குறிவெட்டியின் வாயைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அதான் யாரும் வெட்டக்கூடாதுன்னு சொல்லிட்டியே, பின்ன எதுக்குத் தீட்டற?"

"இது அவளுக்கு" என்றாள் ஹெப்ஸி.